குடிக்காமல் வைத்த கோப்பை

"பொண்ணு கேக்கப் போனா கப்பைக் குடிக்காம கீழ வைக்கிறது சரி. வேலை கேக்கப் போனாலுமா?"

"வேலைக்குந்தான். என் பெரியப்பா மவன் மாவு மில்லுல காவலுக்குச் சேர்ந்தானே, எப்படின்னு நினைச்ச? பதினஞ்சு பேர் முதலாளி வீட்டுக்குப் போய் உக்காந்தாங்க. ராத்திரி காவலுக்கு ஒருத்தன். அவனுக்காகப் பகல்ல பதினஞ்சு பேர்."

"பதினஞ்சு பேரும் கப்பைக் கீழ வச்சாங்களா?"

"இல்லடி. தலைவர் யாரோ அவர் கப்பு மட்டும். மத்தவங்க மீசையைத் தடவிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. வீட்டுக்காரர் 'குடிங்க'ன்னு சொல்வார். இவர் 'வந்த காரியம் முடியாம உங்க காப்பி எங்க தொண்டையில இறங்காது'ன்னு சொல்வார். அவர் 'முடிஞ்சதுன்னு வச்சுக்கோங்க'ன்னதும் ஒரே மடக்கு."

"முடியாதுன்னுட்டா?"

"எப்படி முடியாதும்பாரு? காப்பியைத் தொடாம விருந்தாளி எழுந்து போனா அந்த வீட்டைப் பத்தி கரக் பூரா ஒரு வருஷம் பேசும்."

என் சிநேகிதி சுந்துஸ் சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலைநகர் அம்மானிலிருந்து எங்கள் ஊரான கரக் போகும் மினிபஸ்ஸில் கடைசி இருக்கையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். மடியில் சான்றிதழ் உறைகள். வெளியே பாலைவனச் சாலை, ஒரே நிறத்தில், முடிவில்லாமல் சுற்றும் துணி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை ஏன் கேட்டாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

காலையில் அம்மானில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு நர்ஸ் வேலைக்கு முந்நூறு பேர் நின்றோம். வாகனங்கள் நிறுத்தும் கீழ்த்தளத்தில் வரிசை. ஒரு பெண் நின்றபடியே தூங்கி, முன்னால் இருந்தவள் முதுகில் சாய்ந்தாள். மூன்று மணி நேரம் கழித்து எங்கள் கையில் ஒரு படிவம் வந்தது. பெயர், ஊர், படித்த கல்லூரி. நான்காவது வரி: அனுபவம், எத்தனை ஆண்டுகள்.

"பதினாலு மாசம் பஸ்ல உக்காந்த அனுபவம்னு எழுதவா?" என்று கேட்டாள் சுந்துஸ். படிவத்தை வாங்கிக்கொண்ட பெண் அதைக் கேட்டுவிட்டாள். சிரிக்கவில்லை. "அனுபவம் இருந்தா வாங்க, கண்ணு," என்றாள். அந்தக் 'கண்ணு'தான் பஸ் ஏறும்வரை என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. வேலை கொடுத்தால்தானே அனுபவம். பதினான்கு மாதங்களாக எல்லா ஆஸ்பத்திரிகளும் எங்களை அடுத்த கதவுக்கு அனுப்பின. அரசு வேலைப் பட்டியலில் எங்கள் எண்கள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன.

"அந்த டிரைவர் கையப் பாரு," என்றேன்.

கியரின் மேல் இருந்த அவர் கையின் பின்புறத்தில் ஒரு நரம்பு, தடித்து, நேராக, தோலை முட்டிக்கொண்டு நின்றது. வேலையில்லாத நர்ஸ்களுக்கு இந்த வியாதி வந்துவிடுகிறது. எங்கே போனாலும் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறோம்.

"இருட்டுல கூடப் பெரிய பதினெட்டாம் நம்பர் ஊசி போடலாம்," என்றேன்.

"போடலாம்," என்றாள் சுந்துஸ். வழக்கமாக இந்த விளையாட்டை ஆரம்பிப்பவள் அவள்தான். இன்று தன் கைகளை உறைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் வருடத்தில் எனக்கு நரம்பே பிடிபடாது. நான் ஊசியோடு வருவதைப் பார்த்தாலே நோயாளிகள் கண்ணை மூடிக்கொண்டு ஓத ஆரம்பிப்பார்கள். சுந்துஸ்தான் விடுதி அறையில் தன் இடது கையை நீட்டி, "கண்ணால தேடாத. கண்ணை மூடு. விரலால தேடு. ஸ்பிரிங் மாதிரி துள்ளும் பாரு, அதான்," என்று சொல்லிக் கொடுத்தாள். ஒரு வாரம் அந்தக் கை முழுக்க நீலப் புள்ளிகள். பட்டமளிப்பு நாளில் இருவரும் ஒரு முடிவு எடுத்தோம். யார் சிபாரிசிலும் போவதில்லை. வேலை கிடைத்தால் நம் கையால் கிடைக்கட்டும்.

அந்த முடிவை நான் ஏற்கெனவே உடைத்துவிட்டேன். அதைத்தான் பஸ்ஸில் சொல்ல நினைத்து, சொல்லாமல், மாவு மில் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் டாக்டர் நாயிலுக்கு நாற்பது படுக்கை உள்ள ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே ஒரு நர்ஸ் சவூதிக்குப் போய்விட்டாள். ஓர் இடம் காலி. அப்பா அதை யார் மூலமோ கேள்விப்பட்டு, எங்கள் குடும்பத்துப் பெரியவர் அபூ ஸக்ரிடம் போயிருந்தார். வரும் வியாழன், பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, ஒன்பது பேர் ஜாஹாவாக, காரியம் கேட்கும் கூட்டமாக, டாக்டர் வீட்டுக்குப் போவார்கள். அபூ ஸக்ர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கப்பைக் கீழே வைக்க அவரைவிட்டால் எங்களில் ஆள் இல்லை.

அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறார். மாடித் தொட்டிகளுக்குக் குழாயை இழுத்துக்கொண்டு ஏறி இறங்குவார். முப்பது வருடங்களில் எந்த வீட்டிலும் எதையும் கேட்டு அவர் உட்கார்ந்ததில்லை. "ஜாஹா போகட்டுமா?" என்று என்னிடம் கேட்டபோது, சம்மதம் கேட்பது போல இல்லை. மன்னிப்புக் கேட்பது போல இருந்தது. நான் தலையசைத்தேன்.

கரக்கில் இறங்கியபோது காற்று முக்காட்டைப் பிடித்து இழுத்தது. சுந்துஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்ல. வியாழக்கிழமை கடைக்கு லீவு போட்டிருக்கேன்," என்றாள். அவள் போன் கடையில் வேலை பார்க்கிறாள். புதுப் போன்களின் திரைக்குக் காப்புக் கண்ணாடி ஒட்டும் வேலை. "எதுக்கு லீவு?" என்றேன். "சும்மா," என்றாள்.

வியாழன் அன்று என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பாத்திரம் கழுவினேன், கழுவியதையே மறுபடி கழுவினேன். மாடிக்குப் போய்த் துணியைத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டு உம் லைத் தன் சர்க்கரை ஊசியோடு வந்தாள். எங்கள் தெருவில் நான் நர்ஸ் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆஸ்பத்திரிகளுக்குத்தான் தெரியாது.

"உன் கை ரொம்ப லேசு அரீஜ், கொசு கடிச்ச மாதிரிகூட இல்ல," என்றாள். போகும்போது வழக்கம்போல நாலு தக்காளியை வைத்துவிட்டுப் போனாள்.

மாலை மக்ரிப் தொழுகைக்குச் சற்று முன் அண்ணன் முஹன்னத் வந்தான். வாசலிலேயே ஷூவைக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அப்பா அவனைத் தாண்டிக்கொண்டு பின்பக்கம் போய் லாரியைக் கழுவ ஆரம்பித்தார். அது காலையிலேயே கழுவிய லாரி.

"என்ன ஆச்சுடா?" என்றாள் அம்மா.

"அதை எப்படிம்மா சொல்றது? இந்த மாதிரி ஒண்ணு கரக்ல நடந்ததே இல்ல."

"காரியம் முடிஞ்சுதா இல்லையா?"

"முடிஞ்சுது. முடியவும் இல்ல. கேளு. நாங்க உள்ள போனோம். ஹாலு நிறைய ஆளுங்க ஏற்கெனவே உக்காந்திருக்காங்க. சரி, டாக்டர் தன் சொந்தக்காரங்களக் கூப்பிட்டு நமக்கு மரியாதை பண்றாருன்னு நினைச்சோம். அவங்களும் எழுந்து 'வாங்க, வாங்க'ன்னு கை குடுத்தாங்க. அபூ ஸக்ர் ஒருபடி மேல போயிட்டார். அந்தப் பக்கம் வெள்ளைத் தாடிக்காரர் ஒருத்தர், அவர் காதுகிட்ட இவர் குனிஞ்சு, 'ஹாஜி, நம்ம பொண்ணு விஷயமா வந்திருக்கோம், டாக்டர்கிட்ட நீங்களும் ஒரு வார்த்தை நல்லதா சொல்லுங்க'ன்னார். தாடிக்காரரும் 'நீங்களும் நமக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க'ன்னார். மரியாதைக்குச் சொல்றார்னு நினைச்சோம்."

அம்மா கையை வாயில் வைத்தாள்.

"காப்பி வந்துச்சு. நம்மாள் கப்பை வாங்கினார், கீழ வச்சார். டக்குன்னு ஒரு சத்தம். நிமிர்ந்து பாத்தா எதிர்ப்பக்கம் அந்தத் தாடிக்கார ஹாஜியும் கப்பைக் கீழ வைக்கிறார்!"

"யாருடா அவங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. "சுந்துஸோட ஆளுங்க. அவ மாமாதான் தாடிக்காரர். அவங்களும் ஜாஹா. அதே வேலைக்கு."

சமையலறையில் குக்கர் ஒரு தடவை கத்தியது. யாரும் அணைக்கப் போகவில்லை.

எப்படி நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஜாஹா வருகிறது என்று முன்கூட்டிச் சொல்லி அனுப்ப வேண்டும், ஆனால் எதற்கு என்று சொல்லக்கூடாது, சபையில்தான் கேட்க வேண்டும். எங்கள் ஆள் போய், 'வியாழன் அஸருக்குப் பிறகு கொஞ்சம் பேர் வர்றோம், ஒரு பொண்ணு விஷயமா' என்று டாக்டரின் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் சுந்துஸின் ஆள் போய் அதையே, கிட்டத்தட்ட அதே சொற்களில் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் ஒரே கூட்டம் இரண்டு முறை நினைவூட்டுகிறது என்று நினைத்து, ஒரே கூட்டத்துக்குக் காப்பி வறுத்து வைத்தாள்.

"அப்புறம்?" என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

"அப்புறம் என்ன? ரெண்டு கப்பும் ஆறிக்கிட்டு இருக்கு. இருபது ஆம்பளைங்க ரெண்டு சின்னக் கப்பையே பாத்துக்கிட்டு இருக்கோம். டாக்டர் முகம் மஞ்சளாயிடுச்சு. 'என்கிட்ட இருக்கிறது ஒரு இடம்'னார். அபூ ஸக்ர் 'நாங்க முதல்ல வச்சோம்'னார். தாடிக்காரர் 'நாங்க முதல்ல வந்தோம்'னார். கடைசியில டாக்டர் எழுந்து நின்னுட்டார். 'ரெண்டு பொண்ணுங்களும் ஒண்ணாப் படிச்சவங்கதானே, சிநேகிதிங்கதானே? நான் யார் வீட்டையும் அவமானப்படுத்த மாட்டேன். ஞாயித்துக்கிழமை காலை எட்டு மணிக்கு யார் பேப்பரோட வந்து நிக்கிறாளோ அவளுக்கு வேலை. அவங்களே பேசி முடிவு பண்ணட்டும். ரெண்டு பேரும் வந்து நின்னா என் வாசல்ல ரெண்டு குடும்பத்துச் சண்டை. அதுக்குப் பதிலா நான் வெளியூர்லேர்ந்து ஆள் எடுத்துக்கிறேன். இப்ப காப்பியைக் குடிங்க'ன்னார்."

"குடிச்சாங்களா?"

"குடிக்காம? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எடுத்துக் குடிச்சாங்க. ஆறிப்போன காப்பி. அபூ ஸக்ர் முகம் போன போக்கைப் பாக்கணுமே."

அவன் மறுபடி சிரித்தான். நான் பின்பக்கம் போனேன். அப்பா லாரியின் சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா."

"முடிஞ்சுதும்மா. போ, உன் பேப்பர எல்லாம் எடுத்து வை."

"அவளும்..."

"தெரியும்." குழாயை நிறுத்தாமலே பேசினார். "எம்பேர்ல ஒரு கப்பு கீழ வச்சது இன்னைக்குத்தான். இன்னொரு தடவை எங்கேயும் போய் வைக்க எனக்கு முகம் இல்ல, அரீஜ்."

தண்ணீர் அவர் செருப்பைச் சுற்றித் தேங்கியது. அவர் கவனிக்கவில்லை.

வெள்ளி முழுக்க போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து மாடி. சுந்துஸின் பெயருக்குக் கீழே பச்சைப் புள்ளி எரியும். 'நீ ஏன் சொல்லல' என்று எழுதுவேன், அழிப்பேன். அந்தக் கேள்வியை எழுத எனக்கு உரிமை இல்லை, அவளிடமும் அதே கேள்வி இருக்கும். ஒரு தடவை அவள் எழுதுகிறாள் என்று காட்டியது. மூன்று புள்ளிகள் துள்ளின, தோலுக்கடியில் நரம்பு துள்ளுவது மாதிரி. பிறகு அடங்கின. பச்சைப் புள்ளி அணைந்தது.

ஊருக்கு அதற்குள் செய்தி போய்விட்டது. ரொட்டிக் கடையில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி கேட்டே விட்டாள்: "ஏம்மா, நீ முதல் கப்பா, ரெண்டாவது கப்பா?" நான் ரொட்டியை வாங்காமலே வந்துவிட்டேன். பாதி வழியில் திரும்பிப் போய் வாங்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம் உம் லைத் வந்தாள். அவள் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

"யோசிக்காத. போயிடு," என்றாள். "சுந்துஸுக்கு என்ன, அவகிட்ட போன் கடை இருக்கு."

"போன் கடை நர்ஸ் வேலையா, அத்தை?"

"சம்பளம் சம்பளம்தானே. அம்மாடி!" அவள் கையை இழுத்துக்கொண்டாள். தோலில் ஒரு சிவப்புப் பொட்டு. "கொசு இல்ல இன்னைக்கு. குளவி."

அன்று அவள் தக்காளியைக் கொடுக்க மறந்துவிட்டாள்.

அம்மா என் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டாள். பதினான்கு மாதம் பெட்டியில் இருந்ததில் மடிப்புகள் மஞ்சளாகியிருந்தன. தண்ணீர் தெளித்துத் தெளித்து அழுத்தினாள். "அவளுக்கு வேற கிடைக்கும்," என்றாள், என்னைப் பார்க்காமல். "அவ கெட்டிக்காரி." கோட்டைக் கதவுப் பிடியில் மாட்டினாள். அது உடம்பில்லாமல் அங்கே நின்றுகொண்டு, அறையில் மூன்றாவது ஆள் மாதிரி எங்களைப் பார்த்தது.

நான் அவளைவிடக் கெட்டிக்காரியாக ஒரு நாளும் இருந்ததில்லை. அதுதான் விஷயம். மதிப்பெண்ணில் அவளைவிட நான்கு கூட, அவ்வளவுதான். எழுதத் தெரியும் எனக்கு. கை அவளுடையது. ஆனால் இந்த வேலை கிடைத்து இரண்டு வருடம் ஓட்டிவிட்டால், அதற்குப் பிறகு எந்தப் படிவத்திலும் நான்காவது வரியில் நான் தலை குனிய வேண்டியதில்லை. துபாய், ரியாத், ஜெர்மனி. நான் மனதுக்குள் ஜெர்மனிவரை போய், பனியில் நடந்து, திரும்பி வந்து, உம் லைத்தின் தக்காளிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

நாலு மணிக்கு வாசல் மணி அடித்தது. சுந்துஸ்.

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "எப்படி இருக்க கண்ணு, உங்கம்மா எப்படி இருக்கா?" என்று எல்லாம் கேட்டாள். கேட்டுவிட்டு உடனே மாடிக்குப் போய்விட்டாள். சுந்துஸின் கண் கதவுப் பிடியில் இருந்த கோட்டில் பட்டது. நான் எழுந்து அதை எடுத்திருக்கலாம். எடுத்தால் இன்னும் மோசமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"ரெண்டாவது கப்பு வந்திருக்கேன்," என்றாள்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். இரண்டு நாளாக இறுக்கிக் கட்டியிருந்த ஏதோ ஒன்று ஒரு நிமிடம் அவிழ்ந்தது.

"உன் மாமா தாடிக்காரர்கிட்ட அபூ ஸக்ர் சிபாரிசு கேட்டாராமே."

"எங்க மாமா இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி மாளல. 'நல்ல மனுஷன், டாக்டரோட சித்தப்பான்னு நினைச்சேன்'னு புலம்புறார்."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நீ சொன்னியா?"

"பஸ்ல சொல்லலாம்னு இருந்தேன்."

"நானும் பஸ்லதான்."

நான் காப்பி போட எழுந்தேன். பெரிய கெண்டியிலிருந்து காலைக் காப்பி, ஏலக்காய் போட்டது, சூடு பண்ணினேன். கை வேலை செய்யும்போது மனம் கொஞ்சம் அமைதியாகிறது. அவள் பின்னாலேயே சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"எங்க தெருவுல அபூ ஈசா இருக்காரே, பழைய வாத்தியார்," என்றாள். "போன வாரம் அவருக்கு வயித்துப்போக்கு. உடம்பு வத்திப் போச்சு. ட்ரிப் பாட்டில் வாங்கி வச்சுட்டு என்னைக் கூப்பிட்டாங்க."

"ம்."

"அஞ்சு தடவை குத்தினேன், அரீஜ்."

நான் திரும்பினேன்.

"அஞ்சு. ரெண்டு கையிலயும். ஒண்ணும் கிடைக்கல. அந்த மனுஷன் 'பரவால்லம்மா, மறுபடி பாரு'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கார். கண்ணை மூடிக்கிட்டு விரலால தேடறேன், ஒண்ணுமே துள்ளல. தோலுக்குக் கீழ எதுவுமே இல்லாத மாதிரி. கண்ணாடி ஒட்டி ஒட்டி விரல் நுனி மரத்துப் போச்சு போல. கடைசியில அவர் மவன் கார்ல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். போகும்போது ஒண்ணும் சொல்லல. என்னைத் திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்."

"வத்தின உடம்புல யாருக்கும் கிடைக்காதுடி. நரம்பு அமுங்கிப் போயிடும்."

"எனக்குக் கிடைக்கும். எனக்குக் கிடைச்சிருக்கு. உனக்கே தெரியும்."

தெரியும். குறைமாதக் குழந்தையின் தலையில், நூல் மாதிரி இருந்த நரம்பில், அவள் ஒரே தடவையில் போட்டதைப் பார்த்து நின்றவள் நான்.

"அதுக்கு மறுநாள்தான் நான் மாமாகிட்டப் போய்ச் சொன்னேன், ஜாஹா போங்கன்னு," என்றாள். "அவங்களா போகல. நான்தான் கேட்டேன்."

கூடத்துக்கு வந்து எதிரெதிரே உட்கார்ந்தோம். கெண்டியை இடது கையில் பிடித்து, வலது கையால் சின்னக் கோப்பையில் கால்வாசி ஊற்றி, அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். கோப்பையைப் பிடித்த விரல் நுனிகள் வழுவழுவென்று, ஓர் அடையாளமும் இல்லாமல் இருந்தன. மாடியில் அம்மா எதையோ இழுத்துப் போடும் சத்தம். பின்பக்கம் அப்பா லாரியைக் கிளப்பினார், கிளம்பவில்லை, மறுபடி கிளப்பினார்.

சுந்துஸ் கோப்பையை உதட்டருகே கொண்டு போனாள். ஆவி அவள் முகத்தில் பட்டது. பிறகு அதைத் தாழ்த்தி, எங்கள் இருவருக்கும் நடுவே, கம்பளத்தின் மேல் வைத்தாள்.

சத்தமே இல்லை. கம்பளம் தடிமன்.

"என்னடி இது, பொம்பளைங்க செய்யற வேலையா?" என்றேன். சிரிக்கப் பார்த்தேன். "குடி, ஆறிடும்."

அவள் கை முழங்கால் மேல் இருந்தது. குத்திப் பழக எனக்கு நீட்டிய அதே இடது கை.

"நாளைக்குக் காலைல நீ போகாத, அரீஜ்," என்றாள். "என்னைப் போக விடு."